படித்த பக்கம் எங்கே போனது?

சென்ற மாதம் இணையத்தில் படித்த மஞ்சள் சாகுபடிக் கட்டுரை ஒன்று, அதே சொற்களை இட்டுத் தேடியும் இப்போது கிடைக்கவில்லையே, ஏன் என்று ஈரோட்டிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நாம் ஒரு சொல்லை இட்டதும் தேடுபொறி இணையம் முழுவதையும் துழாவுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகச் செல்லும் நிரல்கள் முன்னரே படியெடுத்து வந்தவற்றைக் கொண்டு ஆக்கி வைத்த சொல்லடைவைத்தான் அது அந்த நொடியில் புரட்டுகிறது. சங்க நூற்பதிப்புகளின் இறுதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பாடல் எண்கள் இருக்குமே, அதே அமைப்புதான். பாடல் எண்ணுக்குப் பதிலாகப் பக்க எண்.

'மஞ்சள்' என்பதற்கு எதிரே 3, 8, 15, 42, 90 என்றும், 'சாகுபடி' என்பதற்கு எதிரே 8, 20, 42, 77 என்றும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு வரிசைகளின் தொடக்கத்திலும் ஒவ்வொரு விரலை வையுங்கள். 3, 8 இரண்டில் 3 சிறியது. அந்த விரலை மட்டும் நகர்த்தினால் இரண்டும் 8இல் நிற்கும். அதைக் குறித்துக்கொண்டு இரு விரல்களையும் நகர்த்துங்கள்: 15, 20. மீண்டும் சிறியதை நகர்த்த 42, 20. இன்னொரு முறை நகர்த்த 42, 42. அடுத்த பக்கமும் கிடைத்துவிட்டது. எண்கள் ஏறுவரிசையில் இருக்கும் ஒரே காரணத்தால், வரிசை எத்தனை கோடி நீண்டாலும் எந்த விரலும் ஒருமுறைகூடப் பின்னால் திரும்ப வேண்டியதில்லை. இவ்வளவு எளிய ஓர் ஒழுங்கிலிருந்து இவ்வளவு வேகம் பிறப்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

அகப்பட்டவற்றில் எது முதலில் என்பது அடுத்த கேள்வி. அரிய சொல்லுக்கு அதிக எடை தரலாம் என்று 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் காட்டினார். பிற பக்கங்கள் தரும் இணைப்புகளைக் கொண்டு மதிப்பிடும் முறையை 1998இல் செர்கெய் பிரின், லாரி பேஜ் இருவரும் விளக்கினர். புதிய பக்கங்கள் வரவர இந்த வரிசை மாறும். சென்ற மாதம் முதலில் நின்றது இன்று பின்னால் போயிருக்கலாம்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மஞ்சளின், மஞ்சளுக்கு, மஞ்சட்கிழங்கு என்று வேற்றுமையிலும் புணர்ச்சியிலும் உருமாறும் சொல்லை, அதன் வேர் அறியாத சொல்லடைவு வெவ்வேறு சொற்களாகவே பதியும். ஆங்கிலச் சொற்களின் விகுதிகளைக் களையும் விதிகளை மார்ட்டின் போர்ட்டர் 1980இலேயே வெளியிட்டுவிட்டார். தமிழுக்கான இத்தகைய அடிப்படைப் பணி உடனடி லாபம் தருவதன்று. ஆகவே அரசும் பல்கலைக்கழகங்களும் இதற்குத் தொடர்ந்து நிதி ஒதுக்கியே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகர் செய்யக்கூடியவை சில உண்டு. கட்டுரையின் ஒரு தொடர் அப்படியே நினைவிருந்தால் அதை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடலாம். பக்கமே நீக்கப்பட்டிருந்தால், 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இணைய ஆவணகத்தின் 'வேபேக் மெஷின்' பழைய படியைக் காட்டக்கூடும். அதற்குப் பக்கத்தின் முகவரி தெரிந்திருப்பது நல்லது. குரோம் உலாவியின் வரலாற்றுப் பக்கம் கடந்த 90 நாள்களில் பார்த்தவற்றைக் காட்டும். படித்தது சென்ற மாதம்தான் என்பதால், வரலாற்றை அழிக்காமல் இருந்தால், அந்த முகவரி அவருடைய கணினியிலேயே இன்னும் இருக்கக்கூடும்.