அந்த மரம் யாருடைய மண்ணில் நிற்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, மொரிசியஸில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர் காவடி கட்ட ஆற்றங்கரையில் மூங்கில் வெட்டினார்கள். திருடும் எண்ணம் கிடையாது. கரையை ஒட்டிய நிலம் அவர்களில் ஒருவனின் சித்தப்பாவுடையது. "வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளுங்கள்" என்று அவரே சொல்லியிருந்தார். மூங்கிலை வண்டியில் ஏற்றும்போது அதிகாரிகள் பிடித்தார்கள். விரதம் இருந்த பிள்ளைகளை ஒரு பிற்பகல் முழுவதும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சித்தப்பா பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். அதை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அதிகாரி சொன்னது சட்டப்படி சரி. நிலம் சித்தப்பாவுடையதுதான், ஆனால் அங்கே வெட்டும் உரிமை அவருக்கு இல்லை. முப்பது ஆண்டாக அந்த நிலத்தை வைத்திருப்பவருக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொரிசியஸில் காடு என்று கணக்கில் இருப்பது சுமார் 47,000 ஹெக்டேர், அதாவது தீவின் கால் பங்கு. அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாக, சுமார் 22,000 ஹெக்டேர்தான் அரசுக் காடு. மீதி தனியாருடையது: கரும்புத் தோட்டக் கம்பெனிகளின் மலைச்சரிவுகள், மான் வேட்டைக்கென்று வேலி போட்ட நிலங்கள். அரசுக் காடும் சீராகப் பரவியிருக்கவில்லை. பிளேன் சாம்பாஞ், மக்காபே, கிராண்ட் பஸான் என்று தென்மேற்கு மேட்டு நிலத்தில்தான் திரண்டு நிற்கிறது. கிழக்கே பிரா தோ, வடக்கே நிக்கோலியேர் பக்கம் சில துண்டுகள். பிறகு கடலோரமாக ஒரு மெல்லிய சவுக்குப் பட்டை.

முதல் குழப்பம் மேட்டு நிலத்திலேயே தொடங்குகிறது. 1994-ல் அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா 6,574 ஹெக்டேர். அதைப் பார்த்துக்கொள்வது தேசியப் பூங்காத் துறை, அதன் தலைமையிடம் ரெடுயியில். பூங்காவுக்கு வெளியே உள்ள அரசுக் காட்டுக்கு வனத்துறை, அதன் தலைமையிடம் க்யூர்பீப்பில். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கொய்யாப் புதர், ஒரே பைன் மரம். கண்ணால் பார்த்து எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பூங்காவுக்குள் சட்டம் கறாரானது, காரணமும் உண்டு. தரமான இயற்கைக் காடு இந்தத் தீவில் இரண்டு விழுக்காடுகூட மிஞ்சவில்லை. வேர், பட்டை, இலை என்று மருந்துக்குப் பறிக்கிறவர்கள், நிற்கும் இடம் எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்று கேட்காமல் கை வைக்க வேண்டாம். பாட்டி காலத்திலிருந்து பறிக்கிறோம் என்பது அங்கே பதிலாகாது.

ஆனால் நம் மக்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெரிய காட்டில் அல்ல, வீட்டுக் கொல்லையில். 1983-ஆம் ஆண்டின் காடுகள், ஒதுக்கு நிலங்கள் சட்டம் நீரோட்டங்களின் இரு கரையையும் ஒதுக்கு நிலம் என்கிறது. ஆறு என்றால் கரை ஓரத்திலிருந்து 16 மீட்டர். சிற்றாறு என்றால் 8. அவற்றில் வந்து சேரும் ஓடை என்றால் 3. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கலாம். அந்தப் பட்டைக்குள் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது.

பத்துப் பெர்ச் (சுமார் 422 சதுர மீட்டர்) மனை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் இருபது மீட்டர் சொச்சம். பின்பக்கம் ஆறு ஓடினால் அதில் பதினாறு மீட்டர் போய்விடும். மிச்சத்தில் வாசற்படிதான் கட்டலாம். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். "ஆற்றுக் காற்று வரும்" என்று மட்டும் சொல்வார். பின்னால் ஓடுவது ஆறா, சிற்றாறா, ஓடையா என்பதை நாம் பார்த்து முடிவு செய்ய முடியாது. வெயில் காலத்தில் கால்கூட நனையாத பள்ளம் கூட ஓடை என்ற கணக்கில் வரலாம். ஆகவே பத்திரம் முடிக்கும் நொத்தேர் முன் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, பதிவு பெற்ற நில அளவையரிடம் நீரோட்டத்தின் வகையையும் ஒதுக்குக் கோட்டையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் பணம் பெரிதாகத் தெரியும். பின்னால் ஆகப்போவது அதைவிடப் பெரிது.

இன்னொரு பொறி, கட்டட அனுமதி. மாவட்ட மன்றமோ நகராட்சியோ வீடு கட்ட அனுமதி தந்துவிட்டால் மனையில் நிற்கும் மரத்துக்கும் சேர்த்துத் தந்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு சட்டம், இது வேறு சட்டம். மலைச்சரிவுகளிலும் இதே கதைதான். அங்கே மலை ஒதுக்கு நிலம் என்று கோடு போட்டிருக்கும், உள்ளே இருப்பது உங்கள் சொந்தக் காடாகவே இருந்தாலும்.

கடலோரம் தனிக் கதை. பா ஜியோமெத்ரிக் என்று நாம் சொல்லும் கடலோர அரசு நிலப் பட்டை, பிரெஞ்சு ஆளுநர் ஜெனரல் தெக்கான் 1807-ல் போட்ட ஆணையிலிருந்து வருவது. 1895-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பொதுச் சொத்து என்று உறுதி செய்தது. அகலம் 81.21 மீட்டருக்குக் குறையாது. "குறையாது" என்ற சொல்லைக் கவனியுங்கள், சில இடங்களில் கூடுதலாகவும் இருக்கும். அதை விற்க முடியாது. எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் அனுபவ பாத்தியத்தில் சொந்தமாகாது. கடலோரப் பங்களா வாங்கியதாகச் சொல்பவர்களில் பலர் வாங்கியது குத்தகையைத்தான்.

அந்தப் பட்டையிலும் மூன்று கைகள். பொதுக் கடற்கரை என்று அறிவித்த இடம் கடற்கரை ஆணையத்திடம். குத்தகைக்கு விட்ட இடம் குத்தகைதாரரிடம், அவருக்கு மேலே நில அமைச்சகம். சவுக்கு நட்டு வளர்க்கும் மீதி இடங்கள் பெரும்பாலும் வனத்துறையிடம்.

இந்த மூன்று கைகளுக்கிடையே ஓர் அக்காவுக்காக நான் ஏழு வாரம் அலைந்தேன். அவருடைய சமையலறைக்கு மேலே ஒரு சவுக்கு சாய்ந்து நின்றது. முதல் அலுவலகம், மரம் தங்கள் எல்லையில் இல்லை என்றது. இரண்டாவது, பக்கத்துக் குத்தகைதாரரைக் கேளுங்கள் என்றது. அவர், நட்டவர்களைக் கேளுங்கள் என்றார். மூன்றாவது இடத்தில் வரைபடம் கேட்டார்கள். வரைபடத்தோடு போனால், பார்க்க வேண்டியவர் விடுப்பில். "வினி தெமெ", நாளை வாருங்கள், என்றார்கள். அந்த நாளை எத்தனை நாளை! எட்டாவது வாரம் அடித்த காற்றில் கிளை ஒடிந்து தகரக் கூரையில் விழுந்தது. அக்கா அதை அறுத்து ஓரமாகப் போட்டார். மறுநாளே ஒருவர் வந்தார், அறுத்தது யார் என்று கேட்க.

அதற்குப் பிறகு நான் "வெட்டலாமா?" என்று எங்கேயும் கேட்பதில்லை. "இந்த மரம் உங்கள் பொறுப்பில் உள்ள நிலத்தில் நிற்கிறதா, இல்லையா? எழுத்தில் பதில் தாருங்கள்" என்று கேட்கிறேன். இல்லை என்று எழுதித் தர எந்தக் குமாஸ்தாவுக்கும் விருப்பம் இருப்பதில்லை. எழுத வேண்டும் என்றதும்தான் கோப்பு திறக்கிறது, வரைபடம் விரிகிறது. கடிதத்துடன் அளவையரின் வரைபடமும், மரமும் வீடும் சேர்ந்து தெரியும் புகைப்படமும் வையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தேதி முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம். ஒருவர் வாயால் "சரி, வெட்டுங்கள்" என்றால் அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் வெட்டாதீர்கள்.

கோயில் சபைகளுக்கு ஒரு வார்த்தை. காவடி மூங்கிலுக்கு ஒவ்வொரு பிள்ளையும் தனியாக அலைய வேண்டாம். எந்த ஆறு, எந்தக் கரை, எத்தனை மூங்கில், எந்தத் தேதி என்று குறிப்பிட்டு, நில உரிமையாளரின் கையெழுத்தையும் வைத்து, சபையின் பெயரில் வனத்துறைக்கு ஒரே விண்ணப்பமாகக் கொடுங்கள். வெட்டப் போகிறவர்கள் அனுமதியின் நகலை வண்டியிலேயே வைத்திருக்கட்டும். தீபாவளி முடிந்த வாரமே கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் மேசைகள் காலியாகிவிடும், ஜனவரியில் கொடுத்தால் பூசம் முடிந்த பிறகுதான் பதில் வரும்.