ஊசி போட்டும் சுகர் இறங்கவில்லையா? ரத்தக்குழாயையும் பாருங்கள்

"இன்சுலின் யூனிட்டை ஏத்திக்கிட்டே போறாங்க, சுகர் இறங்க மாட்டேங்குது." வேலூர் பக்கம் சுகர் கிளினிக்குகளில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது.

இன்சுலின் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும் என்பது தெரிந்ததுதான். அதற்கு முன் அது ரத்தக்குழாயில் ஒரு வேலை செய்கிறது. குழாயின் உட்சுவர் ஒரே ஒரு அடுக்குச் செல்கள். இன்சுலின் பட்டதும் அங்கே நைட்ரிக் ஆக்சைடு உண்டாகி, குழாய் விரிந்து, தசையின் நுண்குழாய்களில் ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. டைப் 2 சுகரில் இந்த வழி மந்தமாகிவிடும். ஆனால் குழாயைச் சுருக்கும் எண்டோதெலினை இன்சுலின் தூண்டுகிற வழி மட்டும் கெடாமல் நிற்கும். போதாததற்கு, ஏறிய சர்க்கரை இருக்கிற நைட்ரிக் ஆக்சைடையும் குறைக்கிறது. பீடி பிடிப்பவருக்குச் சேதம் இரட்டிப்பு.

சுகர் கிளினிக்குகளில் நடைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பது இதனால்தான். தசை வேலை செய்யும்போது இன்சுலின் தயவில்லாமலே குழாய் விரியும், சர்க்கரையும் உள்ளே போகும். அக்னி வெயிலில் வெளியே போக வேண்டாம். ராத்திரி சாப்பிட்டதும் மொட்டை மாடியில் 15 நிமிடம் நடந்தாலே பலன் உண்டு. காலில் புண் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு நடங்கள்.

டோஸை ஏற்றும் முன் ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள். வலிக்காது என்று ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே கொழுப்பு தடித்திருக்கும். அதில் போட்ட மருந்து ஒரு நாள் போல இன்னொரு நாள் ரத்தத்தில் சேராது. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். தடிப்பை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே டோஸில் சுகர் சட்டென்று இறங்கலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டே மாற்றுங்கள். மே மாதச் சூட்டில் பைக் பெட்டியில் கிடந்த இன்சுலினை நம்பவே நம்பாதீர்கள்.

அடுத்து கால். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் 0.9க்குக் கீழே வரக்கூடாது, வந்தால் காலின் ரத்தக்குழாயில் அடைப்பு. 1.4க்கு மேல் வந்தாலும் சந்தோஷப்படாதீர்கள். சுண்ணாம்பு படிந்து விறைத்த குழாய், அழுத்தம் பார்க்கக் கட்டும் பட்டைக்கு அமுங்காது, அதனால் எண் பொய்யாக ஏறும். அப்போது கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

அடைப்பு இருந்தால் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கலாம். நரம்பும் செத்திருந்தால் அந்த வலியும் தெரியாது, சூடும் தெரியாது. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மரத்த காலோடு வெறுங்காலில் சுற்றினால், கொப்புளம் வந்ததே வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் தெரியும். செருப்பு போட்டுக்கொண்டு சுற்றுங்கள், அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார். ராத்திரி விரலிடுக்கையும், கண்ணாடி வைத்து உள்ளங்காலையும் பாருங்கள். கருத்த விரலோ நீர் கசியும் புண்ணோ இருந்தால் மஞ்சள் பூசிக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.