கத்தினால்தான் கிடைக்கும் என்றால் கத்தத்தான் செய்வான்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் இருக்கும் எங்கள் குழந்தை நடத்தை ஆலோசனை அறைக்குக் கூட்டம் கூடிவிடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில், அப்பாக்கள் வீட்டில். கடலில் இருக்கும்போது கேட்காத பிள்ளைகளின் அழுகை இப்போதுதான் அவர்கள் காதில் விழுகிறது. இந்த வாரத்தில் இது நான்காவது பையன்.

"அவுங்க அப்பா மாதிரியே பிடிவாதம் மேடம், ரத்தத்துலயே ஊறுனது" என்றார் அம்மா. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தம், ராசி, பிறந்த நேரம் எல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அந்த அறையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். பையன் முந்தானையை இழுத்து, "அம்மா, போன்" என்று மெதுவாகக் கேட்டான். எண்ணினேன், ஐந்து முறை. யாரும் திரும்பவில்லை. ஆறாவது முறை தரையில் விழுந்து கத்தினான். அடுத்த நொடி போன் கையில். இதில் ரத்தம் எங்கே வந்தது? மெதுவாகக் கேட்பது ஒரு வழி, கத்துவது இன்னொரு வழி. எதில் பலன் கிடைக்கிறதோ அதில் போகிறான். அவனிடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்வீர்கள்.

1961-இல் ரிச்சர்ட் ஹெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களுக்கு முன்னால் இரண்டு பொத்தான்கள் வைத்தார். ஒன்றைக் கொத்தினால் சராசரியாக 2.25 நிமிடத்துக்கு ஒருமுறை தானியம், மற்றதைக் கொத்தினால் 4.5 நிமிடத்துக்கு ஒருமுறை. கொத்தல்களும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்றே பிரிந்தன. இதை அப்பாவிடம் சொன்னதும் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. "நாட்டுப்படகுல போனப்ப நாங்களும் அப்படித்தான் மேடம். வடகடல்ல மீன்பாடு இருந்தா அங்கதான் அதிகம் போவோம். தென்கடலையும் ஒரேயடியா விட்ர மாட்டோம்." அம்மாவுக்குத்தான் இன்னும் ரத்தத்தின் மேல் சந்தேகம்.

அந்தச் சோதனையில் இன்னொரு விஷயம், எங்கள் தொழிலில் பலரே மறப்பது. புறா ஒரு பொத்தானிலிருந்து மற்றதுக்குத் தாவினால் 1.5 விநாடிக்குத் தானியம் வராது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் 'இதைக் கொத்தி, உடனே அதைக் கொத்து' என்பதையே புறா பழகிக்கொள்ளும். வீட்டில் நடப்பதும் அதேதான். கத்தி முடித்துவிட்டு "தாங்கம்மா" என்று குழைந்தவுடன் கொடுத்தால், 'முதலில் கத்து, அப்புறம் குழை' என்று இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்வான். இரண்டு நிமிடம் பொறுங்கள். அவனை வேறு எதிலாவது ஈடுபடுத்திவிட்டு, மறுபடி மெதுவாகக் கேட்டால் கொடுங்கள்.

"எப்பவாவதுதான் கத்துனா கொடுக்குறோம்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். எப்போதாவது பலித்த பழக்கம்தான் லேசில் விடாது. நிறுத்தினால் முதல் சில நாள் அழுகை கூடும். அங்கே இளகினால் இன்னும் பலமாகக் கத்தக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான். தலையைத் தரையில் முட்டிக்கொள்ளும் பிள்ளையிடம் மட்டும் இதை நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள், நேரில் வாருங்கள்.

தயவுசெய்து, முதல் முறை மெதுவாகக் கேட்கும்போதே திரும்பிப் பாருங்கள். கொடுக்க முடியாததென்றால் அப்போதே இல்லை என்று சொல்லிவிடுங்கள். அடுத்த முறை வரும்போது அப்பத்தாவையும் கூட்டி வாருங்கள். விசாரித்ததில், வீட்டில் போன் பெரும்பாலும் அவர் மடியில்தான் இருக்கிறது.