ராசியான கப்பலா, கியர் இல்லாத கப்பலா?

"இரண்டாம் உலகப் போரில் அவசர அவசரமாகக் கட்டிய காவல் கப்பல் ஒன்று 1991 வரை கடற்படையில் இருந்ததாமே, அதற்கு ஏதாவது ராசியா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேலியாகக் கேட்டாரோ என்னவோ, கேள்வி நல்ல கேள்வி.

அவர் சொல்வது யூஎஸ்எஸ் ஸ்லேட்டர். அமெரிக்காவின் டாம்பாவில் கட்டப்பட்டு 1944 மே மாதம் பணியில் சேர்ந்தது. நீர்மூழ்கிகளிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காப்பது அதன் வேலை. போர் முடிந்ததும் ஓரம் கட்டினார்கள். 1951இல் கிரேக்கம் பெற்றுக்கொண்டு 'ஏட்டோஸ்' என்று பெயர் வைத்து, மேலும் 40 ஆண்டுகள் ஓட்டியது.

என் கணக்கில் அதன் ராசி எஞ்சின் அறையில் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெரிய போர்க்கப்பல்களில் நீராவி டர்பைன் அசுர வேகத்தில் சுழலும். புரொப்பெல்லர் நிதானமாகச் சுழன்றால்தான் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளும். நடுவே வேகத்தைக் குறைக்க ராட்சத கியர்கள் வேண்டும். அவற்றின் பற்களைத் துல்லியமாக வெட்டும் இயந்திரங்களோ குறைவு. நூற்றுக்கணக்கான காவல் கப்பல்களுக்கு எங்கே போவது?

சரி, கியரே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஸ்லேட்டரில் நான்கு டீசல் எஞ்சின்கள். அவை ஜெனரேட்டரைச் சுழற்றும், அந்த மின்சாரம் கேபிள் வழியாகப் போய் மோட்டாரை ஓட்டும், மோட்டார் புரொப்பெல்லரைச் சுழற்றும். நம் ஊர் ரயிலை இழுக்கும் டீசல் எஞ்சினிலும் இதே ஏற்பாடுதான்.

இதில் எனக்குப் பிடித்த இடம், கப்பலைப் பின்னோக்கி ஓட்டும் விதம். மோட்டாருக்குப் போகும் பெரிய மின்னோட்டத்தை யாரும் தொடுவதில்லை. ஜெனரேட்டரின் காந்தச் சுருளுக்குத் தரும் சின்ன மின்னோட்டத்தை மட்டும் கூட்டிக் குறைப்பார்கள். அதைக் குறைத்தால் காந்தப்புலம் தளரும், மின்னழுத்தம் இறங்கும், மோட்டார் மெதுவாகும். அதையே திசை மாற்றிக் கொடுத்தால் புலம் திரும்பும், மின்னழுத்தம் திரும்பும், புரொப்பெல்லர் எதிர்ப்பக்கம் சுழலும். டீசல் எஞ்சினோ எதுவும் நடக்காதது போல அதே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கைப்பிடியைத் திருப்பினால் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரும்பு கீழ்ப்படிகிறது! பத்தாம் வகுப்பு மின்காந்தவியல்தான், ஆனாலும் யோசிக்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

அப்புறம், நான்கில் ஒரு எஞ்சினை நிறுத்திப் பிரித்துப் போட்டாலும் கப்பல் நின்றுவிடாது. மற்ற மூன்றும் மின்சாரம் தரும். கொதிகலனில் நீராவி ஏறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கையில் காசு குறைவான கடற்படைக்கு இதைவிட என்ன வேண்டும்?

1993இல் ஸ்லேட்டர் அமெரிக்கா திரும்பியது. இப்போது நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில், ஹட்சன் ஆற்றில் அருங்காட்சியகமாக நிற்கிறது. தன்னார்வலர்கள் சுரண்டி, வண்ணம் பூசிக் காப்பாற்றுகிறார்கள். பழைய இயந்திரம் என்றாலே காயலான் கடைக்கு அனுப்பும் நாம் அதைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்படலாம்.

துருவுக்கு மட்டும் எந்த ராசியும் பலிக்கவில்லை. நீருக்கடியில் இருந்த தகடுகள் அரித்துப்போனதால் 2014இல் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில், கப்பலைத் தண்ணீருக்கு வெளியே வைத்துப் பழுதுபார்க்கும் உலர்துறையில் ஏற்றித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.