120 பிக்சல் அகலத்தில் ஒரு வாள்வீரன்

கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடைக்கு ஒரு கேமை அனுப்பும்போது சிறிய அட்டைப்படத்தை 462×174 பிக்சலில் ஏற்ற வேண்டும். கடை அதை 231×87, 184×69, 120×45 என்று படிப்படியாகச் சுருக்கி, இடத்துக்குத் தக்கபடி காட்டும். கடைசி அளவில் மொத்தமே 5,400 பிக்சல்தான். வரைந்தவரோ 1232×706 அளவுள்ள முதன்மைப் படத்தைத் திரை முழுக்க விரித்துவைத்துப் பார்க்கிறார்; அதில் எட்டரை லட்சம் பிக்சலுக்கு மேல் இருக்கிறது. முகபாவம், கவசத்தின் பளபளப்பு, பின்னணியில் எரியும் கோபுரம் எல்லாம் அங்கே தெரியும். கடைக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்தப் படம் அல்ல. அதனால் அட்டையை எடைபோடும் வேலையைச் சிறிய அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சின்னச் சின்னச் சதுரங்களை அடுக்கி உருவங்களை வரையும் பிக்சல் ஆர்ட் கேமுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கேமில் 32 பிக்சல் உயரமுள்ள வாள்வீரன் இருக்கிறான். அவனுடைய ஒவ்வொரு பிக்சலும் 4×4 பிக்சல் சதுரமாகும்படி 4 மடங்கு பெரிதாக்கி 462×174 படத்தில் வைக்கிறோம். உயரம் 128 பிக்சல், பார்க்க நன்றாகவே இருக்கிறது. படம் 231×87 ஆகும்போது அவனுடைய ஒவ்வொரு சதுரமும் சரியாக 2 பிக்சலாகிறது. குறையில்லை. 184×69-க்கு வரும்போது ஒரு சதுரத்தின் பங்கு 1.59 பிக்சல். முழு எண் இல்லாததால் சதுரங்களின் விளிம்பு திரையின் கட்டங்களோடு பொருந்தாது. சில சதுரம் தடித்தும் சில மெலிந்தும் தெரியும். 120×45-இல் பங்கு 1.04 பிக்சல். வாள்வீரனைச் சுற்றி ஒரு சதுரத் தடிமனில் வரைந்த கறுப்புக் கோடு இங்கேதான் தொலைகிறது. சுருக்கும் மென்பொருள் அக்கம்பக்கத்து நிறங்களைச் சராசரி எடுத்துப் புதிய பிக்சலை உண்டாக்குகிறது. பாதி கறுப்பும் (மதிப்பு 0) பாதி தோல் நிறமும் (சுமார் 200) ஒரே பிக்சலில் விழுந்தால், கிடைப்பது 100 மதிப்புள்ள சாம்பல். கோடு போனதும் உருவம் பின்னணியோடு கலந்துவிடுகிறது. சராசரி எடுக்காமல், அருகிலுள்ள ஒரே பிக்சலின் நிறத்தை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பர் முறையில் சுருக்கினால் மங்காது. ஆனால் சில சதுரம் ஒரு பிக்சலாகவும் சில இரண்டு பிக்சலாகவும் விழும், வாளோ ஒரு கண்ணோ கோணலாகிவிடும்.

அப்படியானால் 120 பிக்சலிலும் ஒரு சதுரம் சதுரமாகவே தெரிய என்ன வேண்டும்? குறைந்தது 2 பிக்சல். 462 அகலத்தில் அது சுமார் 8 பிக்சல். அதாவது சிறிய அட்டையில் உண்மையான பிக்சல் ஆர்ட்டுக்குக் கிடைக்கும் இடம் 57×21 சதுரம், அவ்வளவுதான். 5 சதுர அகலமும் 7 சதுர உயரமும் கொண்ட ஆங்கில எழுத்துகளை ஒரு சதுர இடைவெளியோடு அடுக்கினால், ஒரு வரியில் 9 எழுத்து 53 சதுரத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டு வரி வைத்தால் உயரத்திலும் பெரும்பகுதி போய்விடும். வாள்வீரனுக்கு அங்கே இடமே இல்லை. சிறிய அட்டையில் கேமின் பெயரைத் தாங்கிய லோகோ கிட்டத்தட்ட முழுப் படத்தையும் நிரப்பட்டும் என்று ஸ்டீமின் வழிகாட்டுதலே சொல்கிறது. அதைப் பின்பற்றுவதுதான் புத்திசாலித்தனம். முழு உருவத்தைத் திணிப்பதைவிட, வாளின் ஒரு வீச்சு தலைப்பின் குறுக்கே போனால் ஆக்‌ஷன் கேம் என்பது புரிந்துவிடும்.

இதனால்தான் பிக்சல் ஆர்ட் கேம்கள் பலவற்றின் அட்டை தூரிகை ஓவியமாக இருக்கிறது. செலஸ்டே, டெட் செல்ஸ், ஷவல் நைட் மூன்றிலும் விளையாட்டு பிக்சலில், அட்டையோ வரைகலை ஓவியத்தில். பெரிய பெரிய வண்ணப் பரப்புகளும் வளைந்த விளிம்புகளும் சராசரி எடுப்பதைத் தாங்கும்; ஒரு சதுர நுணுக்கம் தாங்காது. ஆனால் ஓவியம் கேமிலிருந்து விலகிவிடக் கூடாது. 1987-இல் அமெரிக்காவில் வந்த மெகா மேன் அட்டையில் ஒரு நடுத்தர வயது மனிதர் கைத்துப்பாக்கியோடு நிற்கிறார். விளையாட்டில் இருப்பதோ கையே பீரங்கியாக உள்ள நீல ரோபோப் பையன். அந்த அட்டை இன்றும் பொருந்தாத அட்டைக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. இப்போது கடைப் பக்கத்தில் நுழைந்த உடனே டிரெய்லர் ஓடுவதால், பொருத்தமின்மை சில நொடிகளில் தெரிந்துவிடும். நாயகனின் நிழலுரு, அவன் கையில் உள்ள ஆயுதம், முதன்மையான இரண்டு மூன்று நிறங்கள் ஆகியவை விளையாட்டில் இருப்பதுபோலவே அட்டையிலும் இருந்தாக வேண்டும். மற்றதில் ஓவியருக்குச் சுதந்திரம் கொடுக்கலாம்.

பிக்சலிலேயே அட்டை வேண்டும் என்பவர்கள் விளையாட்டில் நகரும் சிறிய உருவப்படமான ஸ்பிரைட்டைப் பெரிதாக்காமல், அட்டைக்கென்றே மார்பளவு உருவம் ஒன்றைப் புதிதாக வரைவது நல்லது. பெரிதாக்கும்போது 3 மடங்கு, 4 மடங்கு என்று முழு எண்ணில் மட்டும் பெரிதாக்க வேண்டும், 3.5 மடங்கு கூடவே கூடாது. லோகோவின் சதுரம் 3 பிக்சலாகவும் நாயகனின் சதுரம் 6 பிக்சலாகவும் இருந்தால், இரண்டு வேறு கேமிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். இந்தப் பிழை மிகவும் சகஜம்.

நிறத்துக்கு வருவோம். ஆக்‌ஷன் கேம் அட்டைகளில் அடர்நீல இரவும் இரத்தச் சிவப்புத் தலைப்பும் அடிக்கடி சேர்ந்து வரும். வரைபவரின் திரையில் இந்தச் சேர்க்கை கனல் பறக்கும். கண் எழுத்தின் விளிம்பைப் பிரித்தறிவது பெரும்பாலும் ஒளிர்வின் வேறுபாட்டால்தான். நிற வேறுபாட்டின் பங்கு குறைவு. கறுப்பை 0 என்றும் வெள்ளையை 1 என்றும் வைத்தால், திரையின் தூய சிவப்புக்கு ஒப்பீட்டு ஒளிர்வு 0.2126, தூய நீலத்துக்கு 0.0722. இரண்டோடும் 0.05 கூட்டி வகுத்தால் மாறுபாட்டு விகிதம் 2.15 மட்டுமே. வலைப்பக்க அணுகல் தரநிலை பெரிய எழுத்துக்கே குறைந்தது 3 கேட்கிறது. அதே நீலத்தில் மஞ்சள் எழுத்து வைத்தால் விகிதம் 8. போதாக்குறைக்கு, கடைகள் படத்தை ஜேபெக்காக மாற்றும்போது நிறத் தகவலை 2×2 பிக்சலுக்கு ஒன்றாகச் சேமிப்பது வழக்கம். ஒளிர்வும் கைகொடுக்காமல் நிறமும் கசிந்தால் மெல்லிய சிவப்பு எழுத்து சேறாகிவிடும். சோதிப்பது எளிது: படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். தலைப்பு மறைந்தால், நிறத்தை நம்பி வடிவமைத்திருக்கிறோம் என்று அர்த்தம். சிவப்பை விட மனமில்லையென்றால் எழுத்தைச் சுற்றித் தடித்த வெளிர்நிற விளிம்பு போடலாம், அல்லது எழுத்துக்குப் பின்னால் மட்டும் பின்னணியைக் கறுப்பாக்கலாம்; தூய கறுப்பில் சிவப்பின் விகிதம் 5.25.

ஸ்டீம் பக்கத்தின் பின்னணியே கருநீலம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இருட்டான ஓரம் கொண்ட அட்டை அதில் கரைந்து, சட்டமில்லாத படம்போல மிதக்கும்.

அட்டை எப்போதும் தனியாக நிற்பதில்லை, பத்துப் பதினைந்து அட்டைகளுக்கு நடுவே நிற்கிறது. நேராகப் பார்க்காத இடத்தில் பொருள்கள் நெருங்கி இருந்தால் கண் அவற்றைக் குழப்பிக்கொள்கிறது. பார்வை ஆய்வாளர் ஹெர்மன் போமா 1970-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பார்வை மையத்திலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறதோ அதில் ஏறக்குறைய பாதி இடைவெளியாவது இருந்தால்தான் ஓர் எழுத்து பக்கத்து எழுத்தோடு குழம்பாது. 24 அங்குல முழு எச்டி திரையை 60 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்த்தால் 231 பிக்சல் அகலம் ஏறத்தாழ 6 டிகிரி. பக்கத்து அட்டையின் நடுவைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நம் அட்டையின் நடுப்பகுதி 6 டிகிரி தள்ளி இருக்கிறது. அங்கே தனித்தனியாக அடையாளம் காண 3 டிகிரி இடைவெளி, அதாவது அட்டையில் பாதி அகலம் தேவை. ஆகவே இரண்டு பெரிய வடிவத்துக்கு மேல் எடுபடாது. நாயகன், வில்லன், மூன்று எதிரிகள், வெடிப்பு, நிலா என்று நிரப்பினால் ஓரக்கண்ணுக்கு வெறும் அமைப்பில்லாத புள்ளிக் குவியல்தான்.

இதைச் சோதிக்க, அதே வகையைச் சேர்ந்த 11 கேம்களின் அட்டைகளோடு நம்முடையதையும் சேர்த்து 4×3 கட்டமாக அடுக்குங்கள். கேமைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் ஒரு நொடி காட்டி மறைத்துவிட்டு, எவையெல்லாம் நினைவிருக்கிறது, எது எந்த மாதிரி விளையாட்டு என்று கேளுங்கள். “நல்லாயிருக்கா?” என்ற கேள்வி பயன்படாது, நண்பர்கள் எல்லோரும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். “பண்ணை விளையாட்டு மாதிரி இருந்துச்சு” என்று ஒருவர் சொன்னால் அதுதான் தகவல்.

ஒரே படத்தை எல்லா அளவுக்கும் வெட்டுவது இன்னொரு பொதுவான தவறு. முதன்மைப் படம் 1232×706, நிமிர்ந்த படம் 748×896, தலைப்புப் படம் 920×430; நிமிர்ந்ததில் வாள் மேலே ஓங்க வேண்டும், அகன்றதில் பக்கவாட்டில் வீச வேண்டும். ஓவியரிடம் லோகோ, நாயகன், பின்னணி மூன்றையும் தனித்தனி லேயராக முதலிலேயே கேட்டு வாங்கிவிட்டால், பிறகு கூடுதல் செலவில்லாமல் மாற்றி அடுக்கலாம். 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீம் அட்டையில் விமர்சன மதிப்பெண், விருதுப் பெயர், தள்ளுபடி வாசகம் எதற்கும் அனுமதியில்லை. படமும் கேமின் பெயரும் துணைத்தலைப்பும் மட்டுமே இருக்கலாம்.

வெளியிட்ட பிறகு எண்கள் வரும். கூகுள் ப்ளேயில் இரண்டு படங்களை ஒரே காலத்தில் வெவ்வேறு பயனர்களுக்குக் காட்டி ஒப்பிடலாம். ஸ்டீமில் பழைய அட்டைக் காலத்தையும் புதிய அட்டைக் காலத்தையும்தான் ஒப்பிட வேண்டியிருக்கும். இடையில் விற்பனை விழா வந்தால் ஒப்பீடு கெட்டுவிடும். ஸ்டீமே தேர்ந்தெடுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கேம்களைக் காட்டும் டிஸ்கவரி க்யூ வழியாக வருபவர்களையும் கணக்கிலிருந்து நீக்குங்கள். அங்கே கேமின் பக்கமே நேராகத் திறக்கிறது, அட்டையைப் பார்த்து யாரும் சொடுக்குவதில்லை. 10,000 முறை காட்டி 200 பேர் சொடுக்கினால் விகிதம் 2 சதவீதம். தற்செயலாலேயே அந்த 200 என்பது 172-க்கும் 228-க்கும் இடையில் ஆடக்கூடியது. புதிய அட்டைக்கு 220 கிடைத்தால் இன்னும் எதுவும் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும். 300 கிடைத்தால் பழைய அட்டையை எடுத்துவிடலாம்.