ஒளிச்செறிவா, திசையொளியா?

"ஒளிச்செறிவு 20,000 மில்லிகேண்டிலா, ஆகவே இதுதான் மிகப் பிரகாசமானது." ஆய்வகத்துக்கு எல்.இ.டி தேர்ந்தெடுப்பவர்களுக்காக எழுதப்படும் தமிழ்க் குறிப்புகளில் இந்த மாதிரி வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த 'ஆகவே' தப்பு. தப்புக்குப் பாதிக் காரணம் 'ஒளிச்செறிவு' என்ற சொல்; கேண்டிலாவில் அளக்கும் 'லூமினஸ் இன்டென்சிட்டி'க்குத் தமிழில் வைத்த பேர் அது.

லத்தீனில் கேண்டிலா என்றால் மெழுகுவத்தி, லூமென் என்றால் ஒளி. வேர்க்கதை அவ்வளவுதான். விளக்கு எல்லாத் திசைகளிலுமாக உமிழும் மொத்த ஒளியை லூமெனில் சொல்கிறோம். அதில் ஒரு திசையில், ஒரு ஸ்ட்ரேடியன் திண்மக் கோணத்துக்கு (கூம்புபோல விரியும் கோணத்தின் அலகு அது) எவ்வளவு போகிறது என்பது கேண்டிலா. ஆக, கேண்டிலாவின் உயிர் திசையில் இருக்கிறது.

செறிவு என்றால் என்ன? நெருக்கம், அடர்த்தி. மரம் செறிந்த காடு, மக்கள் செறிந்த ஊர், கரைசலின் செறிவு, யுரேனியச் செறிவூட்டல். இந்தச் சொல்லைக் கேட்ட மாணவர், ஒரு பரப்பில் ஒளி எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்றுதான் நினைப்பார். அது கேண்டிலா அல்ல, லக்ஸ். விளக்கை இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைத்தால் லக்ஸ் நாலில் ஒன்றாகிவிடும். கேண்டிலா அப்படியே இருக்கும். தள்ளிப்போனாலும் குறையாத ஒன்றுக்குச் 'செறிவு' என்று பேர் வைத்தால் யாருக்குப் புரியும்?

பாடநூலிலேயே அப்படித்தானே இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. மூல ஆங்கிலச் சொல்லான 'இன்டென்சிட்டி'யே குழம்பியது. ஒலியியலில் அதே சொல் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்ற பொருளில் வரும். அங்கே 'ஒலிச்செறிவு' கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு இடத்தில் பொருந்தியதை எல்லா இடத்திலும் ஒட்டியதுதான் வினை. மொழிபெயர்ப்பவர்கள் கலைச்சொல் பட்டியலைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது அலகைப் பார்ப்பதில் செலவிடலாம்.

எல்.இ.டியில் இந்தக் குழப்பம் காசைக் கரைக்கும். 15 பாகை மட்டும் விரியும் 20 கேண்டிலா எல்.இ.டி தரும் மொத்த ஒளி உத்தேசமாக ஒரு லூமென். 120 பாகை விரியும் ஒரு கேண்டிலா எல்.இ.டி ஏறக்குறைய மூன்று லூமென் தரும். குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரம் பாயும், ஆனால் கூடிவிடாது. இங்கே விரலின் வேலையை லென்ஸ் செய்கிறது.

அந்த லென்ஸே அளப்பவர்களுக்கும் தலைவலி. கிட்டத்தில் எல்.இ.டி, ஒரே புள்ளியிலிருந்து ஒளி வருவதுபோல நடந்துகொள்ளாது. தூரத்தை மாற்றினால் கணக்கிட்டு வரும் கேண்டிலாவும் மாறும். அதனால் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையத்தின் 127ஆம் அறிக்கை தூரத்தையே கட்டிவிட்டது: 316 மில்லிமீட்டர் அல்லது 100 மில்லிமீட்டர், உணரியின் பரப்பு 100 சதுர மில்லிமீட்டர். இப்படிக் கிடைப்பதை அவர்களே 'சராசரி' என்று அடைமொழி போட்டுத்தான் சொல்கிறார்கள். தமிழில் அந்த அடைமொழியும் காணாமல் போகிறது.

சரி, மாற்று என்ன? 'ஒளிவீச்சு' என்று சிலர் எழுதுகிறார்கள். காதுக்கு இனிமைதான். ஆனால் வீச்சு என்பது அலையின் உயரத்துக்கு ஏற்கெனவே ஊன்றிய சொல். ஒரு குழப்பத்தை விட்டு இன்னொன்றில் விழ வேண்டாம். 'பிரகாசம்' பார்ப்பவரின் உணர்வு, அளவு அல்ல. நான் எழுதுவது 'திசையொளி'. சிறிது, பொருள் வெளிப்படை. மொத்தத்துக்கு ஏற்கெனவே உள்ள 'ஒளிப்பாயம்' போதும்.

இன்னொரு புலம்பலும் உண்டு. லூமென், கேண்டிலா, லக்ஸ் எல்லாம் மனிதக் கண்ணின் உணர்திறனால் எடையிட்ட அளவுகள். 555 நானோமீட்டர் பச்சையில் ஒரு வாட் 683 லூமென். 470 நானோமீட்டர் நீலத்தில் அதே ஒரு வாட் 62 லூமென்தான். ஒளிர்மை (ஃப்ளூரசன்ஸ்) நுண்ணோக்கிக்கோ செடி வளர்ப்புக்கோ எல்.இ.டி வாங்குபவர் லூமெனைப் பார்த்து நீலத்தை ஒதுக்கினால் பிழைதான். கண்ணின் கணக்குக்கு 'ஒளி', ஆற்றலின் கணக்குக்கு 'கதிர்' என்று முன்னொட்டைப் பிரித்துக்கொண்டால் இது தீரும். அந்த நீல எல்.இ.டிக்குக் கதிர்த்திறன் இத்தனை மில்லிவாட், உச்ச அலைநீளம் இத்தனை நானோமீட்டர் என்று எழுதுங்கள். ஒளிச்செறிவு என்ற பேச்சே அங்கே வேண்டியதில்லை.