வாயு மாற்றம் அன்று, வாயுப் பரிமாற்றம்

“நுரையீரலில் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடாக மாற்றப்படுகிறது” என்னும் வரியை, கோவையிலும் ஈரோட்டிலும் மருத்துவமனைச் சுவர்களிலும் பள்ளி அறிவியல் கண்காட்சி அட்டைகளிலும் பாடக் காணொலிகளிலும் இத்தனை முறை பார்த்த பிறகு, எழுதியவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியவில்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட கலைச்சொல்லே அப்படித்தான் எழுத வைக்கிறது. நுரையீரலும் குருதியும் வாயுக்களைக் கொடுத்துப் பெறும் நிகழ்வை (gas exchange) ‘வளிமாற்றம்’ என்றும் ‘வாயு மாற்றம்’ என்றும் சொல்லிக் கொடுத்தால், ஒரு வாயு இன்னொன்றாக மாறுகிறது என்று பிள்ளைகள் விளங்கிக்கொள்வதில் வியப்பில்லை.

நடப்பது வேறு. நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது வாயுக் கலவையில் அது மட்டும் தரும் அழுத்தம், ஏறத்தாழ 100 பாதரச மில்லிமீட்டர். உடலைச் சுற்றிவிட்டு அங்கே வந்து சேரும் குருதியில் அது 40 அளவுதான். ஆகவே அழுத்தம் மிகுந்த நுண்ணறையிலிருந்து ஆக்சிஜன் குருதிக்குள் விரவுகிறது. கார்பன் டை ஆக்சைடு குருதியில் 45, நுண்ணறையில் 40; வேறுபாடு சிறிதென்றாலும் அந்த வாயு எளிதில் கரைந்து கடப்பதால் அதுவே போதும். நடுவில் உள்ள சுவர் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. உள்ளே போகும் காற்றில் 21 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் வெளியே வரும்போது 16 விழுக்காடு அளவில் இருக்கிறது, 0.04 விழுக்காடாக இருந்த கார்பன் டை ஆக்சைடு 4 விழுக்காடாகிறது. இந்த இடத்தில் எந்த வாயுவும் வேறொரு வாயுவாக ஆவதில்லை.

சொற்பிறப்பை நீட்ட வேண்டியதில்லை. மாறு என்பது தன்வினை, மாற்று என்பது பிறவினை. மாற்றம் என்பதற்குப் பழந்தமிழில் சொல், மறுமொழி என்ற பொருள்களும் உண்டு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுதல் என்ற பொருள், உமணர் என்னும் உப்பு வணிகர் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற காலத்திலிருந்தே ‘மாறு’ என்னும் வேருக்கு இருக்கிறது. பரிமாறு என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது பந்தி. பரிமாற்றம் என்றால் கொடுத்தலும் பெறுதலும்.

‘வளிமாற்றம்’ என்னும் சொல்லை ஆதரிப்போர் முன்வைக்கும் வாதம் இலேசானதன்று. பண்டமாற்று என்ற சொல்லில் ‘மாற்று’ என்பதற்குப் பரிமாறிக்கொள்ளுதல் என்றே பொருள் இருக்கையில், வளிமாற்றம் மட்டும் ஏன் கூடாது, ‘பரி’ என்னும் வடமொழி முன்னொட்டை எதற்காகச் சுமக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். பண்டமாற்று முடிவது ‘மாற்று’ என்று, ‘மாற்றம்’ என்று அன்று. இந்த வேறுபாட்டை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. நிறமாற்றம், உருமாற்றம், பெயர் மாற்றம், காலநிலை மாற்றம் ஆகியவற்றில் முன்னே நிற்பது எதுவோ அதுவே வேறாகிறது: நிறம் வேறாகிறது, உரு வேறாகிறது. இந்த வரிசையில் வளியைக் கொண்டுபோய் நிறுத்தினால் வளி வேறாகிறது என்றுதான் தமிழ் காது கேட்கும். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை என்று நாம் சொல்கிறோமே ஒழிய, சிறுநீரக மாற்றம் என்று சொல்வதில்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒருவர் தம் காளையைக் கொடுத்து இன்னொருவரின் காளையைப் பிடித்துக்கொண்டு போனால் ‘மாட்ட மாத்திக்கிட்டாருங்க’ என்பார்கள். ‘மாடு மாறிப்போச்சுங்க’ என்றால் அங்கே சண்டை நடக்கிறது என்று பொருள்.

அப்படியானால் ‘வளிமாற்று’ என்று வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு சமரசம் வரும். மாற்று எரிபொருள், மாற்றுப் பாதை, மாற்று ஏற்பாடு என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய வாசகருக்கு, அது வளிக்குப் பதிலாக வைத்த ஏதோ ஒன்றைப் போலத் தோன்றும். அதையும் நான் ஏற்கவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுவே பெரியது. உயிரியல் பாடத்தில் ‘வளர்சிதை மாற்றம்’ என்ற சொல்லும் வருகிறது. அது உயிரணுவுக்குள் நடப்பது; பொருள்கள் உண்மையாகவே வேறு பொருள்களாவது அங்கேதான். அங்கே மாற்றம் என்ற சொல் பொருந்துகிறது. அதே சொல்லை நுரையீரலிலும் ஒட்டிவிட்டால் இரண்டும் ஒன்றே என்று மாணவர் குழம்புவார். அந்த உயிரணுவிலும்கூட ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடாக ஆவதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நாம் மூச்சிழுத்த ஆக்சிஜன் கடைசியில் நீராகிறது. நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் உணவிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தவை. ஆக, சுவரில் எழுதிய அந்த வரி நுரையீரலுக்கும் பொருந்தாது, உயிரணுவுக்கும் பொருந்தாது.

பரிமாற்றம் என்பதும் முழுப் பொருத்தமான சொல் அன்று. ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 200 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடை விடுகிறார். இதற்கு அது என்ற விலைப்பேச்சு எதுவும் அங்கே இல்லை, ஒவ்வொன்றும் தன் அழுத்த வேறுபாட்டின்படி தனித்தனியே போகிறது. ஆயினும் இரு பக்கமும் வரவும் செலவும் இருப்பதால், பொய் சொல்லாத சொல்லாகப் பரிமாற்றம் நிற்கிறது. வங்கிகள் ஒரு பக்கம் மட்டும் போகும் பணத்துக்கும் ‘பணப் பரிமாற்றம்’ என்று எழுதி அச்சொல்லை மழுக்கிவருவது தனி வருத்தம்.

முன்பாதிக்கு வளியா வாயுவா என்பதில் நான் வாயுவின் பக்கம். வளி நல்ல பழந்தமிழ்ச் சொல்தான். ஆனால் ஈழத்துப் பாடநூல்களில் வளி என்றால் காற்று, வாயு என்றால்தான் வாயு. இரு கரையிலும் ஒரே பொருளில் வாசிக்கத்தக்க சொல்லை விட்டுக்கொடுக்கத் தூய்மை ஒன்றே காரணமாக முடியாது. வாயு என்றதும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வயிற்றைத் தடவுவார்கள், வாய்வுப் பிடிப்புக்குப் பூண்டு சொல்வார்கள் என்பது உண்மை. அதற்குப் பயந்து வளிக்கு ஓடினாலும் பயனில்லை: திருக்குறள் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்னும்போது அந்த வளியும், உடலில் மிகுந்தோ குறைந்தோ நோய் செய்யும் மூன்றில் ஒன்றான வாதமே.

‘கரியமில வாயு’ என்பது கார்பானிக் அமில வாயு என்ற பழைய வேதியியல் பெயரின் தமிழ். அந்த வாயு நீரில் கரைந்தால்தான் அமிலம்; நுண்ணறையில் அது அமிலம் அன்று. பழகிய சொல் என்பதால் கடிதத்திலும் பேச்சிலும் இருக்கட்டும், பாடநூலில் வேண்டாம் என்பேன். இலங்கையில் ‘காபனீரொட்சைட்டு’ என்று எழுதும்போது அதில் உள்ள ‘ஈர்’ இரண்டு ஆக்சிஜன் அணுவைக் காட்டிவிடுகிறது. நம் பக்கத்தில் அந்த அக்கறை குறைவு.

எனக்கு மிகவும் உறுத்துவது மொழிபெயர்ப்பாளர்கள் எளிமை என்று கருதிப் புகுத்தும் ‘நல்ல காற்று, கெட்ட காற்று’ தான். ‘நல்ல காத்து உள்ள போவுதுங்க, கெட்ட காத்து வெளிய வருதுங்க’ என்று செவிலியர் நோயாளிக்குச் சொன்னால் அது கனிவு. அதையே அச்சில் ஏற்றினால் பிழை. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ள மூச்சுக் கட்டுப்பாடு பெரிதும் கார்பன் டை ஆக்சைடின் அளவைப் பார்த்தே வேகம் கூட்டுகிறது, குறைக்கிறது. அந்த வாயுவின் பெரும்பகுதி குருதியில் பைகார்பனேட்டாகப் பயணம் செய்து, குருதியின் அமில காரச் சமநிலையையும் காக்கிறது. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சுவிட்டு அதை அளவுக்கு மேல் வெளியேற்றியவருக்குத் தலை சுற்றுவதும் விரல்கள் மரத்துப்போவதும் உடலில் அந்தக் ‘கெட்ட காற்று’ குறைந்துபோனதால்தான்.